பாத்துக்கலாம்க்கா

அலுவலகத்தில் அவளுக்கு ‘டவுட்டு’ என்று பெயர். மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டி முடித்து நாற்காலியைப் பின்னால் தள்ளும்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வரும். மேனேஜர் கொட்டாவியை மென்று விழுங்குவார். அவள் அசரமாட்டாள்.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிற கம்பெனி. திரைகள் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுப்பது அவள் வேலை. அதை ஓட வைப்பது புரோகிராமரின் வேலை. அவளைவிடச் சின்னவன், கெட்டிக்காரன், வாய்க்கு வாய் அக்கா என்பான்.

அந்த முறை டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருள். வாராவாரம் வந்து ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு போகிறவர்கள். ‘ரத்து’ என்ற பொத்தானில் அவளுக்கு இடறியது.

“தம்பி, ஒருத்தர் ஒரு நாளை மட்டும் ரத்து பண்ணா, மத்த நாளெல்லாம் சேர்ந்து போயிடாதுல்ல?”

“பாத்துக்கலாம்க்கா.”

செய்துவிடுகிறேன் என்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பிரச்சினை வந்தால் அப்போது பார்ப்போம் என்றுதான் அவன் சொன்னான். இருவரும் சிரித்தபடியே டீ குடிக்கப் போனார்கள்.

மென்பொருள் ஒரு மருத்துவமனைக்குப் போனது. அங்கே வரும் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், மகளைப் பார்க்க வெளியூர் போவதற்காக ஒரு நாளை ரத்து செய்தார். திரும்பி வந்தபோது அவர் பெயரே இல்லை. அவர் படுக்கையில் வேறு ஆள். கம்ப்யூட்டரில் காட்டவில்லை என்று கைவிரித்தார்கள். சண்டை போடத் தெரியாத மனிதர், பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். மூச்சுத் திணறி மறுபடி தூக்கிவந்தபோது காலம் கடந்திருந்தது.

அந்த மருத்துவமனை நர்ஸ் ஒருத்திதான் அவளுக்குப் போனில் சொன்னாள். போனை வைத்ததும் அவள் நேரே புரோகிராமரிடம் போனாள்.

“அன்னைக்கே கேட்டேனே தம்பி!”

அவன் முகம் வெளிறியிருந்தது. “பாத்துக்கலாம்னுதானேக்கா சொன்னேன். பண்ணிட்டேன்னு சொல்லலையே.”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. ஒருவனைப் பிடித்துத் திட்டித் தீர்க்கக்கூட வழியில்லை.

அதன் பிறகு மீட்டிங்கில் யார் என்ன சொன்னாலும் விடமாட்டாள். “செய்வீங்களா, மாட்டீங்களா? எப்போ? நீங்களா, அவரா?” என்று துளைத்தாள். முதலில் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு முகம் சுளித்தார்கள். ஒருநாள் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார்.

“எல்லாரையும் கூண்டுல ஏத்தி விசாரிக்கிற மாதிரி இருக்கு மேடம். இனிமே நீங்க மீட்டிங்குக்கு வரவேணாம். என்ன முடிவாச்சுன்னு மெயில் வரும், அதை வச்சு வரைஞ்சா போதும்.”

வீட்டில் சொன்னாள். “நல்லதாப் போச்சு, தலைவலி விட்டுது” என்றான் கணவன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்போது மெயில்தான் வருகிறது. நேற்று வந்ததில், “டாக்டர் பார்த்த பிறகு மருந்து தரலாம்” என்றிருந்தது. நோயாளியைப் பார்த்த பிறகா, மருந்துச் சீட்டைப் பார்த்த பிறகா? கேட்டு எழுதினாள். “ஆமாம்” என்று பதில் வந்தது. உடனே போன் செய்தாள்; யாரும் எடுக்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோரும் மீட்டிங்கில் இருந்தார்கள்.

அவள் திரும்பி உட்கார்ந்து, நோயாளியைப் பார்த்த பிறகு என்றே தானாக வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தாள்.