ரோலரில் கட்டிய சிவப்புத் துணி

1951ஆம் ஆண்டு ஐப்பசியில், மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த நாள்களில், ஈப்போவுக்கு மேலேயுள்ள மலைத்தோட்டம் ஒன்றில், அம்மாக்கண்ணு தங்கையாவை முதன்முதலாகப் பார்த்தாள். காட்டில் ஒளிந்திருந்த கலகக்காரர்களுக்குச் சோறு போகாதபடி, காட்டோரத்து லயங்களில் இருந்தவர்களையெல்லாம் வெள்ளைக்கார அரசு முள்கம்பி வேலிக்குள் கொண்டுவந்து குடிவைத்த காலம் அது. புருஷனை இழந்திருந்த அவளுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் வேலை கிடைத்தது. அவள் உள்ளே நுழைந்த அன்றே ஒரு ரோலர் நின்றுபோயிருந்தது. வாடிய கொழுந்தை உருட்டிக் கசக்கும் அந்தப் பெரிய இயந்திரத்தின் பிடியில், காக்கிச் சட்டை போட்ட ஒருவர் இருமிக்கொண்டே சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“எதுக்குண்ணே அது?”

“தொடாதேன்னு அர்த்தம், தங்கச்சி. புதுசா வந்திருக்கியா? கொண்டுவந்த ரெண்டு கையோடயே வீடு போய்ச் சேரு.”

அவர்தான் தங்கையா, தொழிற்சாலையில் மெசின் பழுது பார்க்கும் பிட்டர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பேச்சு குறைவு, ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவரை யாராலும் அசைக்க முடியாது. தூள் கெட்டால், கொழுந்து முற்றல் என்று சொல்லிப் பறித்த பெண்களின் கூலியில் கைவைப்பதுதான் தோட்டத்து வழக்கம். தங்கையா அதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார். இலையில் குற்றம் இருந்தால் இலையில் என்பார். மெசினில் இருந்தால் மெசினில் என்பார். இலை கெட்டிருந்தால் அதைப் பொறுக்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடரலாம். மெசினே உள்ளுக்குள் உடைந்துவிட்டால், அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். அதன்பின் அது தருகிற தூள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நம்பக்கூடாது. நின்றதை நின்றபடியே விட்டுவிட வேண்டும். உள்ளே கிடக்கும் இலையைக்கூட அள்ளக்கூடாது. பிறகு அவரே, தொழிற்சாலைக் கணக்கைப் பார்க்கும் கிராணியிடம் நடந்து போய், எந்த ரோலர், எந்த மலைக் கொழுந்து, நிற்பதற்கு முன் என்ன சத்தம் கேட்டது என்று சொல்லுவார். காரணம் தெரியாவிட்டால் “தெரியலைங்க” என்பார். ஊகித்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

மறு வருடம் சித்திரையில் கொழுந்து மலையாகக் குவிந்தது. மலையடிவாரத்துத் தாப்பா சாலையில் கலகக்காரர்கள் ஒரு லாரியைச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்து, எல்லாருடைய முகமும் இறுகிப்போயிருந்த வாரம். ஒருநாள் மதியம், பெரிய ரோலர் அடிவயிற்றிலிருந்து ஒரு முறை உறுமிவிட்டு நின்றது. தங்கையா துணியைக் கட்டிவிட்டுக் கிராணி சுப்பிரமணியத்திடம் சொல்லப் போனார். அந்த நேரம் பார்த்துத்தான், புதிதாக மாற்றலாகி வந்திருந்த போலீஸ் சார்ஜன், பாதுகாவலைப் பார்வையிட உள்ளே வந்தார். ஓடாத இயந்திரம், அதன்மேல் சிவப்புத் துணி. காட்டில் இருந்தவர்களின் கொடியும் சிவப்புத்தானே! சார்ஜன் துணியை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“யார் கட்டியது?”

“நான்தாங்க,” என்றார், திரும்பி வந்த தங்கையா.

“யார் உடைத்தது?”

“யாரும் உடைக்கலைங்க. உள்ளே உடைஞ்சிருக்கு.”

“எப்படி?”

“தெரியலைங்க.”

அவருக்குத் தெரிந்த ஒரே உண்மையான பதில் அது. அதற்காகவே அவரை லாரியில் ஏற்றி மலைக்குக் கீழே விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். சதி என்று முடிவானால் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அங்கே அவருக்கு யாரும் இல்லை.

மறுநாள் காலையில் கிராணி வந்தார். பாவம், அவரும் இரவெல்லாம் தூங்கியிருக்கவில்லை.

“அம்மாக்கண்ணு, அந்த இலையை அள்ளிக் கொட்டிட்டு மெசினைக் கழுவி விடுங்க. பாக்கிறவன் கண்ணுல படாம இருந்தாலே பாதித் தொல்லை தீரும்.”

“கழுவினா, அண்ணன்தான் என்னவோ பண்ணிட்டு மறைச்சுட்டாருன்னு ஆகிடாதுங்களா ஐயா? யாராச்சும் பிரிச்சுப் பாக்கட்டும். அதுவரைக்கும் அது அப்படியே கிடக்கட்டும்.”

“இலை நாறும்மா.”

“நாறட்டுங்கையா.”

 கிராணி, ஈப்போவிலிருந்து மெக்கானிக்கை வரவழைக்கச் சொல்லித் தோட்டத்துத் துரையிடம் கேட்கப் போனார். சாலையில் காவல் வண்டி இல்லாமல் யாரும் மலையேற முடியாத காலம். மெக்கானிக் உடனே வரவில்லை. இலை அழுகியது. ஈ மொய்த்தது. அம்மாக்கண்ணு தன் சல்லடையை ரோலருக்கு அருகே நகர்த்திப் போட்டுக்கொண்டு அங்கேயே வேலை செய்தாள்.

“செத்த மெசினுக்குக் காவல் இருக்கிறவளை இப்பத்தான்லா பாக்கிறேன்,” என்றாள், பக்கத்துச் சல்லடை ருக்குமணி. “பதினாறாம் நாள் காரியமும் நீயே பண்ணிடுவே போல.”

“பண்ணினா உனக்கும் ஒரு இலை போடறேன். மூக்கைப் பொத்திக்கிட்டுச் சாப்பிடு.”

ருக்குமணி சிரித்தாள். மறுநாள் சாம்பல் கொண்டுவந்து ரோலரைச் சுற்றித் தூவினாள்.

ஒருவழியாக மெக்கானிக் வந்தார். கிராணியும் துரையும் பார்த்துக்கொண்டிருக்க, ரோலரைப் பிரித்தார். நடுத்தண்டு உடைந்திருந்தது. விரிசலின் பெரும்பகுதியில் துரு ஏறியிருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் இரும்பு புதிதாகப் பளபளத்தது. பல மாதங்களாக உள்ளே வளர்ந்து வந்த விரிசல், கொழுந்தின் பாரம் தாங்காமல் அன்று முழுதாக விட்டிருக்கிறது. வெளியிலிருந்து யாரும் அடித்த தடம் இல்லை. மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிக்கொண்டு, கிராணியே அந்தத் தண்டோடு கீழே போனார்.

ஆனாலும் தங்கையா திரும்புவதற்கு ஆடி பிறந்துவிட்டது. கேள்வி கேட்டவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்களாம். கேள்வி மட்டும் மாறவில்லையாம். மெலிந்து, தோள்கள் கவிழ்ந்து வந்த அவரைத் துரை பழைய வேலையிலேயே வைத்துக்கொண்டார். சிவப்புத் துணி மட்டும் கூடாது என்று சொல்லி, மஞ்சள் வண்ணம் பூசிய தகரம் ஒன்றைக் கொடுத்தார். தங்கையா மறுபேச்சில்லாமல் அதை வாங்கி மாட்டினார். ரோலர் நின்றால், முன்போலவே கிராணியிடம் போய்ச் சொன்னார். ஆனால், பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

லயத்தில் யாரும் அவரைச் சும்மா விடவில்லை. “அடிச்சாங்களாண்ணே?” “என்னதான் கேட்டாங்க?” “யாரையாச்சும் காட்டிக்குடுக்கச் சொன்னாங்களா?” கோயில் திருவிழாவிலும், கல்யாணப் பந்தலிலும், ரிங்லெட் கடைவீதியிலும் இதே பேச்சு. அவர் சிரிப்பதுபோல உதட்டை அசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

1954இல் அவருடைய இருமலில் இரத்தம் கலந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, அங்கே அடித்ததாலா என்று ஆளுக்கொன்றாகக் கேட்டார்கள். தங்கையா கண்ணைத் திறக்கவில்லை. அம்மாக்கண்ணு கஞ்சியோடு வந்து அருகில் உட்கார்ந்ததும், அவள் வளையல் சத்தத்தை வைத்து அடையாளம் கண்டு, கையை மட்டும் சிறிது உயர்த்தினார். அவள் குனிந்தாள்.

“தங்கச்சி, இனிமே யாரும் என்னை ஒண்ணும் கேக்காமப் பாத்துக்க.”