அட்டைக்கடி என்றுதான் நினைத்தோம்

உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிற எங்களுக்கு அட்டைக்கடி ஒரு காயமே அல்ல. அதிலும் என் தொப்பையைக் கண்டால் அட்டைகளுக்குக் கல்யாணப் பந்தி.

போன மழைக்காலத்தில் என் மனைவியின் தம்பி சேவியருக்குக் காய்ச்சல் வந்தது. கைலி கட்டும் இடத்தில் கருப்பாகப் பொருக்குத் தட்டிய ஒரு சின்னப் புண். வலியில்லை.

"அட்டைதான் கடிச்சிருக்கு மச்சான்" என்றான்.

"ஒன் ரத்தத்தைக் குடிச்ச அட்டைக்கு என்னாச்சோ, அதைப் போய்ப் பாரு மாப்ள" என்றேன்.

கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கித் தின்றான். பல நாளாகியும் காய்ச்சல் விடவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"உடம்புல எங்கயாவது புண் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று நான்தான் முந்திக்கொண்டேன். அட்டைக்கடியை யார் புண் என்பார்கள்?

மறுநாள் அவனுக்கு உடை மாற்றிய நர்ஸ் அந்தப் புண்ணைப் பார்த்துவிட்டார். அது அட்டைக்கடியே இல்லையாம். புதரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலாம். ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் அதற்கான மாத்திரையிலேயே குணமாகியிருக்குமாம். உடனே மருந்து ஏற்றினார்கள். அதற்குள் நுரையீரல் கெட்டிருந்தது. சேவியர் பிழைக்கவில்லை.

இப்போது பக்கத்து வீடுகளில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், அக்குள், இடுப்பு, தொடையிடுக்கெல்லாம் பார்க்கச் சொல்லி டார்ச்சோடு போய் நிற்கிறேன்.

"வந்துட்டாருய்யா தோல் டாக்டர்" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

எங்கள் வீட்டில் கிண்டல் கிடையாது. பிள்ளைகளுக்கு உடம்பு சுட்டால், என் மனைவியே அவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு டார்ச்சை என் கையில் தருகிறாள்.