பின்சீட்டுத் தரை

எங்கள் வீட்டுப் பக்கச் சந்தில், புங்க மரத்தடியில், ஒரு அம்பாசிடர் கார் பல வருஷமாக நின்றுகொண்டிருந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் என் வீட்டுக்காரர் டாக்சி ஓட்டிய கார் அது. எங்களுடைய ஒரே மகள் காய்ச்சலில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இறந்துபோனபோது, அவளை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அந்தக் காரில்தான். அவர் ஓட்டினார். நான் பின்சீட்டில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அவர் பேசவில்லை. ரோட்டில் பள்ளம் வரும்போது மட்டும், திரும்பிப் பார்க்காமல், "தலைய புடிச்சிக்க" என்றார். அடிபட்டால் அவளுக்கு வலிக்கும் என்பதுபோல.

அதற்குப் பிறகு அவர் அந்தக் காரைத் தொடவில்லை. மற்றவர்கள் வண்டியை ஓட்டித்தான் குடும்பம் நடந்தது. மகளைப் பற்றியும் அவர் வாய் திறந்ததில்லை. நானாகப் பேச்சை எடுக்கிற ஆளும் இல்லை. கடைக்காரர் துவரம்பருப்புக்குப் பதில் கடலைப்பருப்பைக் கட்டிக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறவள் நான்.

அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனதும் கார் முதலாளி வேறு ஆளை வைத்துக்கொண்டார். வீட்டில் சும்மா உட்கார அவருக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் கஞ்சி குடித்த கையோடு போய், காரின் மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டார். பானட்டுக்குள் அணில் நாரும் பஞ்சும் சேர்த்துக் கூடு கட்டியிருந்தது. மட்கார்டு தொட்ட இடமெல்லாம் ரொட்டி மாதிரி உதிர்ந்தது.

"ஏம்மே, இத்த நாமளே ரெடி பண்ணலாமா?"

"நாமன்னா யாரு?"

"நானும் நீயுந்தான். டிங்கர் கடைக்கு எடுத்துனு போனா, எடைக்குப் போடு பெரியவரேம்பான்."

அப்படித்தான் ஆரம்பித்தது. இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைக்கிற ஒருவரிடமிருந்து பழைய மிஷினை இரவலாக வாங்கிவந்தார். கம்பி பிரஷ், உப்புத்தாள், தகடு அறுக்கிற கிரைண்டர் எல்லாம் வாசலில் கிடந்தன. டிங்கர் வேலையை போனில் வீடியோ பார்த்துப் படித்தார். மலையாளத்தில் ஒருவர் பேசிக்கொண்டே தகடு தட்டுவார்.

"அவுரு இன்னா சொல்றாருன்னு புரியுதா உங்களுக்கு?"

"அவுரு கையி சொல்லுது. வாயி எதுக்கு?"

துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டை அளவுக்குக் காலண்டர் அட்டையை வெட்டிப் பார்ப்பார். சாமி படத்தை முதலில் கவனமாகப் பிரித்து, கண்ணில் ஒற்றி, தனியாக வைத்துவிட்டுத்தான் அட்டையில் கத்தரியை வைப்பார். அட்டை சரியாக உட்கார்ந்தால், அதே அளவில் எண்ணெய் டிரம்மின் தகட்டை அறுத்து வெல்டிங் வைப்பார். பிறகு என் வேலை. நான் கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்து, ஒரு இரும்புக் கட்டியைத் தகட்டோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். அவர் வெளியிலிருந்து சுத்தியலால் தட்டுவார். நடுவில் தகடு மேடுபள்ளம் இல்லாமல் படியும்.

"இன்னுங் கொஞ்சம் மேல. ஆங். அங்கதான். கை நழுவாத."

அவர் முகம் எனக்குத் தெரியாது. சுத்தியல் விழுகிற இடத்தை என் உள்ளங்கை சொல்லும். அவர் எங்கே போகிறாரோ அங்கே நானும் கட்டியைக் கொண்டுபோவேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு ஒத்து ஒரு வேலை செய்ததில்லை.

தண்ணீர்க் குடத்தோடு போகிற எதிர்வீட்டுக்காரி நின்று பார்ப்பாள்.

"இன்னாக்கா, புதுப் பொண்ணு மாப்ள ஊர்கோலம் எப்ப?"

நான் கதவுக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொள்வேன். அவர்தான் பதில் சொல்வார்.

"உனக்கும் எடம் வச்சிருக்குது. டிக்கில."

"டிக்கில நீயே குந்து மாமா. நான் அக்கா பக்கத்துல குந்திக்கிறேன்."

மட்கார்டு ஆயிற்று, பானட் ஆயிற்று, முன் கதவுகளும் ஆயின. இன்ஜினைப் பிரித்துச் சேர்த்தார்; அது ஒருநாள் இருமி இருமி ஓடியது. பின் கதவுகளை மட்டும் அவர் திறக்கவே இல்லை. நாளைக்கு என்பார், மழை வரும்போல என்பார், கரண்டு இல்லை என்பார். நானும் கேட்கவில்லை. அந்தக் கதவு மூடியிருந்தால் எனக்கும் நல்லதுதான். பின்சீட்டுத் தரையையும் அவர் இப்படித்தான் வெட்டி எடுப்பார் என்று தெரியும். அன்றைக்கு வரும் வழியில் மகளின் வலது கை சீட்டிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுத்து மார்மேல் வைத்தேன். மறுபடியும் விழுந்தது. பிறகு நான் எடுக்கவில்லை. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவளைக் குளிப்பாட்டிக் கொண்டுபோய்ப் புதைத்த இடத்தில் இப்போது வேறு வேறு பேரைப் புதைத்துவிட்டார்கள். அவள் கை பட்டுக் கிடந்த அந்தத் தரை ஒன்றுதான் எனக்கு இடம். அது போகக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

கடைசியில் ஒரு நாள் அவர் பின் கதவைத் திறந்து சீட்டைக் கழற்றினார். கால் மிதிக்கிற ரப்பர் விரிப்பைத் தூக்கியதும் அதோடு தரையும் அங்கங்கே ஒட்டிக்கொண்டு வந்தது. கீழே புங்கம் சருகு தெரிந்தது.

முன்பக்கத் தரை இப்படி இல்லை. ஏனென்று இரண்டு பேருக்கும் தெரியும். பிணம் ஏற்றிய வண்டி என்று, புதைத்துவிட்டு வந்த அன்றே சொந்தக்காரப் பெண்கள் பின்சீட்டைக் கழுவினார்கள். மஞ்சளும் கல்லுப்பும் கரைத்து, தீட்டுப் போக, குடம் குடமாக ஊற்றினார்கள். நல்ல மனசோடுதான் ஊற்றினார்கள். ஈரம் காயுமுன்னே தார்ப்பாயைப் போட்டு மூடியும் விட்டார்கள். அந்த உப்புத் தண்ணீர் விரிப்புக்கு அடியில் நின்றுவிட்டது.

அவர் தரையின் ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினார். காசு அளவுக்கு ஒரு ரப்பர் மூடி.

"இத்தப் புடுங்கி உட்டிருந்தா தண்ணி எல்லாம் கீழ போயிருக்கும்."

அந்த மூடியை நகத்தால் நெம்பினார்.

"அன்னிக்கே தெரியும் எனக்கு. கார்காரனுக்குத் தெரியாதா? குனிய முடியல."

அத்தனை வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவர் சொன்னது அதுதான் முதல். அவர் சொன்னதால்தான் எனக்கும் வாய் வந்தது.

"இங்க வெட்டாதீங்க. பாப்பா கையி இங்கதான் கெடந்துச்சி."

அவர் கிரைண்டரைக் கீழே வைத்தார். "கால வச்சா ரோட்டுலதாம்மே நிக்கும். எப்படி உட்றது?" என்றார். பிறகு, "எங்க? சரியாக் காட்டு" என்றார்.

நான் காட்டினேன். சுத்தியலின் பின்புறத்தால் அந்த இடத்தைச் சுற்றித் தட்டிப் பார்த்தார். எல்லாம் ஈர மண்ணைத் தட்டுகிற மாதிரி ஓசை. நடுவில், நீளவாக்கில் போகிற மேட்டின் மேல் தட்டியபோது மட்டும் ணங்கென்றது. மேடாக இருந்ததால் அங்கே தண்ணீர் நிற்கவில்லை.

"இதும் மேல பட்டுச்சா?"

விரல் எங்கே, மணிக்கட்டு எங்கே என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். மணிக்கட்டு மேட்டில் இருந்தது. விரல்கள் பள்ளத்தில் இருந்தன.

"மணிக்கட்டு பட்டுச்சி."

"அப்ப அது இருக்கட்டும்."

மேட்டை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் வெட்டினார். எடுத்த தகடு என் கைக்கு வரும்போதே பொடிந்தது. முறத்தில் வாரினேன். எடைக்குப் போடவில்லை. புங்க மரத்தின் அடியில் கொட்டி மண்ணைத் தள்ளினேன். புதுத் தகடு வைத்து, துரு ஏறாமல் இருக்க முழுக்க ரெட் ஆக்சைடு அடிக்கும்போது, மேட்டின் பக்கத்தில் வந்து பிரஷ் நின்றது.

"பூசலன்னா இதும் போயிடும்" என்றார்.

"பூசிடுங்க."

பூசினார். அதன் பிறகு எது பழைய தகடு எது புதுசு என்று பார்த்துச் சொல்ல முடியாது. தொட்டால் எனக்குத் தெரியும்.

சீட்டைத் திரும்ப மாட்டியதும், வல்லம் வரைக்கும் போய்த் திரும்பலாம் என்றார். அது திண்டிவனம் போகிற ரோடு. அவளைக் கொண்டுவந்த ரோடு.

"பேப்பர் எல்லாம் எப்பவோ முடிஞ்சிப்போச்சே. போலீசு புடிச்சா?"

"பொண்டாட்டிய இட்டுனு போறேம்பேன். ஏறு, முன்னாடி வா."

நான் பின்னால் ஏறினேன். மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரி குடத்தோடு நின்று எங்களைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினாள்.

அவர் மெதுவாக ஓட்டினார். பின்னால் வந்த லாரி ஹாரன் மேல் ஹாரன் அடித்தது. தாண்டிப் போகும்போது கிளீனர் தலையை நீட்டி, "யோவ் பெருசு, காரா கட்டவண்டியா?" என்று கத்தினான். அவர் வேகத்தைக் கூட்டவில்லை.

வல்லத்தில் திருப்பிக்கொண்டு வந்தோம். தூரத்தில் கோட்டை மலை தெரிந்தது. ரோட்டில் ஒரு பள்ளம் வந்தது. அவர் கியரை இறக்கினார். திரும்பிப் பார்க்காமல், "புடிச்சிக்க" என்றார்.

நான் காலி மடியில் இரண்டு கையையும் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.