அக்காவின் ரத்தம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்த்த சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், கண்ணாடித் தகட்டில் சோதனை மருந்தோடு கலந்த துளி திரிந்த பாலைப்போலத் திரண்டது. ஈரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் பி கிருமி இருந்தால்தான் அப்படித் திரளும். சீட்டில் இருந்தது என் அக்காவின் பெயர். அவளுக்கு அப்போது ஏழு மாதம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இன்னும் இரண்டு முறை செய்து பார்த்தேன். மாறவில்லை.

அக்காவுக்குக் கண் மஞ்சளிக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. இந்தக் கிருமி சிலர் உடம்பில் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் இருக்கும் என்றார் அக்காவுக்குப் பிரசவம் பார்க்கவிருந்த டாக்டரம்மா. வத்திராயிருப்பில் நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது, ஒரே ஊசியை வெந்நீரில் முக்கி முக்கி வரிசையாக எல்லோருக்கும் போடுவார்கள். அதில் வந்ததா, வேறெதிலாவதா, தெரியாது. என் ரத்தத்தையும் பார்த்தேன், ஒன்றுமில்லை. அதே வரிசையில் அவளுக்கு அடுத்து நின்றவள் நான். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

ராஜபாளையத்தில் அவள் மாமியார் அன்றே அவளுக்குத் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார். அத்தான் நூல் மில்லில் பிட்டர், அதிகம் பேசாதவர். அந்தத் தம்ளரிலேயே காப்பியை ஊற்றிக் குடித்தார். "சேந்து சாப்பிட்டா ஒட்டாதும்மா. டாக்டரம்மா சொல்லிட்டாக." அத்தானின் ரத்தத்தையும் பார்த்து, ஒன்றுமில்லை என்றானதும் தடுப்பூசி போட்டோம்.

அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "ஏட்டி, பிள்ளைக்கு வராம இருக்க என்ன செய்யணும்?"

பிறந்த சில மணி நேரத்துக்குள் இரண்டு ஊசி போடவேண்டும். மருந்து மதுரையில்தான் கிடைத்தது. ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கை மடியிலேயே வைத்துக்கொண்டு அத்தான் பஸ்ஸில் வந்தார். எங்கள் பரிசோதனைக் கூடத்துப் பிரிட்ஜில் வைத்தேன். கரண்ட் போனபோதெல்லாம் ஐஸ் வாங்க ஓடினேன்.

பிற்பகலில் பெண் குழந்தை பிறந்தது. பொழுது சாயுமுன் இரண்டு தொடையிலும் ஊசி போட்டாகிவிட்டது. அடுத்த தவணைகளையும் அக்கா தவறவிடவில்லை. தன் ஈரலுக்கான பரிசோதனைக்கும் ஆறு மாதத்துக்கொருமுறை போகத் தொடங்கினாள், இன்றும் போகிறாள்.

ஒரு வயது தாண்டியதும் குழந்தையின் ரத்தத்தை நானே பார்த்தேன்.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்லக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவை பாத்தேன்."

அக்கா குழந்தையைத் தூக்கிக் கன்னத்தில் முத்தமிட்டாள். நிறுத்தவேயில்லை. குழந்தை மிரண்டுபோய் என்னைப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பால் கொடுக்கலாம், கொஞ்சலாம் என்று டாக்டரம்மா எத்தனையோ முறை சொல்லியும், அந்த ஒரு வருஷம் அவள் பிள்ளைக்கு ஒரு முத்தம்கூடக் கொடுத்திருக்கவில்லை. வாராவாரம் போய்வந்த நான் அதைக் கவனித்திருக்கவும் இல்லை.