இரும்பாணி இல்லாத வள்ளம்

ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு, கத்திரி வெயில் நேரத்தில், திருத்தங்கலில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்தது இது. அங்கே ஒரு வள்ளம் நின்றது. ஆமாம், கடலில் போகிற மர வள்ளம்தான். குளிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கிற ஊரில் வள்ளம் எதற்கு என்கிறீர்களா? அது வந்து இறங்கிய நாளிலிருந்து நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். இங்கே பிரஸ்ஸில் காலண்டர் அச்சடிக்க வந்தவர், நர்ஸாக இருந்த என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். அவர் தாத்தா காலத்தில் முத்துக்குளிக்கப் போன வள்ளம் அது. பூர்வீக வீட்டைப் பிரித்தபோது அண்ணன் நிலத்தை எடுத்தார், தம்பி தேக்குக் கதவுகளை எடுத்தார். இந்த மனிதர் வள்ளத்தைக் கேட்டு வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

தகரக் கொட்டகை போட்டு, தார்ப்பாய் மூடி, பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். மரம் வெடித்துவிடக் கூடாது என்று கோடை தோறும் மீன் எண்ணெய் பூசுவார். அந்த வாடையில் தெருப் பூனைகள் எல்லாம் எங்கள் வீட்டுச் சுவரில்தான். கொடைக்கானல் பக்கம் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர், வாசலில் அழகுக்கு வைக்கிறேன் என்று கேட்டு வந்தார். இவர் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

பக்கத்து வீட்டுப் பெண் இவரை அண்ணன் என்றும் என்னை மதினி என்றும் வாய் நிறையக் கூப்பிடுவாள். எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. காலையில் வேன் வருவதற்குள் எங்கள் வீட்டுக்கு ஒரு நடை வந்து, என்னை இரண்டு கிண்டல் செய்துவிட்டுத்தான் போவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் வள்ளத்தைத் தட்டிக் காட்டிப் பெருமை பேசினார்.

"இதுல பேருக்கு ஒரு இரும்பாணி கிடையாது தாயி. அம்புட்டும் செம்பு ஆணி."

அவள் கண்ணை விரித்தாள். "அப்படின்னா எங்க கம்பெனிய விட இதுதாண்ணே பத்திரம்!"

பட்டாசு வேலையில் இரும்பு ஆகாது. உரசினால் பொறி வரும், பொறி வந்தால் உயிர் போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே போர்மேன் அதைத்தான் சொல்வார். வெடிமருந்து கலக்கிற அறைக்குள் இரும்புச் சாவியைக்கூட எடுத்துப் போக மாட்டார்கள். அதனால்தான் அவள் அப்படிச் சொன்னாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அந்த வருடம் எங்கேயோ ஒரு விபத்து நடந்து, கெடுபிடி அதிகமாகி, அவள் கம்பெனியை மூடிவிட்டார்கள். வேலை இல்லாமல் போன பலரைப் போல அவளும் திருட்டுத்தனமாக வீட்டிலேயே கருந்திரி செய்ய ஆரம்பித்தாள். பட்டாசுக்கு வைக்கிற திரி அது. வீட்டில் வைத்திருந்தாலே போலீஸ் பிடிக்கும். எங்களுக்கு இது தெரியாது. தெருவில் சோதனைக்கு வருகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதும், நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், திரிக்கட்டுகளைக் கொண்டுவந்து வள்ளத்துக்குள் தார்ப்பாய்க்கு அடியில் வைத்துவிட்டாள். இரும்பு இல்லாத இடம், பத்திரமான இடம் என்று நினைத்திருக்கிறாள்.

அன்று நான் காலை டியூட்டி முடித்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். கொல்லையில் புகை வாடை. ஓடிப் பார்த்தால், எனக்கு முன்னால் அவள் சுவரேறிக் குதித்து வள்ளத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

"மதினி, கிட்ட வராதீக! அண்ணன் வள்ளம் போயிரும் மதினி!" என்று கத்திக்கொண்டே கட்டுகளை எடுத்து வெளியே வீசினாள். இரண்டு கட்டு வந்து விழுந்தது. மூன்றாவது வரவில்லை. புஸ்ஸென்று ஒரு சீறல், அவ்வளவுதான். ஐயோ, அந்தச் சத்தம்!

தொட்டித் தண்ணீரை ஊற்றி, ஈரப் போர்வையில் சுற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். நானும் கூடவே போனேன். தீக்காயத்தில் எது பிழைக்கும், எது பிழைக்காது என்று எனக்குத் தெரியும். மறுநாள் அவள் என்னைப் பார்த்து மெல்லக் கேட்டாள்.

"இரும்பே இல்லையே மதினி. பெறவு எப்படிப் பத்துச்சு?"

"பேசாத தாயி, தூங்கு" என்றேன். எல்லா நர்சும் சொல்கிற வார்த்தை. அன்று சாயங்காலமே போய்விட்டாள்.

வள்ளம் பாதி எரிந்து அப்படியே நின்றது. தீயணைப்புக்காரர் ஒருவர் உள்ளே கிளறிப் பார்த்துவிட்டு, எண்ணெய்த் துணி ஏதும் கிடந்ததா என்று கேட்டார். மீன் எண்ணெய் ஊறிய துணியைப் பந்தாகச் சுருட்டிப் போட்டால், இந்த வெயிலில், தகரத்துக்கு அடியில், தானாகவே சூடேறிப் பற்றும் என்றார். என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. எண்ணெய் பூசிய பழந்துணிகளை எல்லாம் அவர் வள்ளத்தின் மூலையிலேதான் திணித்து வைப்பார். கடற்கரை வீட்டிலும் அப்படித்தான் வைப்பார்களாம்; அங்கே ஈரக்காற்று, ஒன்றும் ஆகவில்லை. இங்கே வெயில் வேறு. திரியைப் பற்றி அவருக்குத் தெரியாது, துணியைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

தெருவோ முழுப் பழியையும் அவள் தலையில் போட்டது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளின் காது படவே, "தானும் செத்து, ஊரையும் கொளுத்தப் பாத்தாளே" என்றாள் ஒருத்தி. பெரியவள் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாள். அதைப் பார்த்துவிட்டு வந்து இவரிடம் சொன்னேன். அவர் உடனே தன் அண்ணனுக்குப் போன் செய்து, வள்ளத்தைக் கொண்டுபோகச் சொன்னார்.

தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு இறக்க வந்த லாரி, திரும்பும்போது எங்கள் வீட்டுக்கு வந்தது. தூக்க ஆள் போதவில்லை. அந்தப் பெண்ணின் கணவர் தானாகவே வந்து நின்றார். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, தீ அவ வச்ச திரியில பிடிக்கல. நான் போட்டு வச்ச எண்ணெய்த் துணியிலதான் பிடிச்சிருக்கு. நீ என்னை என்ன வேணாலும் செய்."

தெரு முழுக்க நின்று பார்த்தது. அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் நடுவே போனேன். அவர் அடிக்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்.

"ஏத்தா, ரெண்டு பேரும் இங்கன வாங்க!"

பிள்ளைகள் வந்து நின்றார்கள்.

"மச்சான், இப்பச் சொன்னத இதுக கேக்க இன்னொருக்கச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

இவர் அழுதுகொண்டே சொன்னார். பெரியவள் தெருவில் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அதன் பிறகுதான் அந்த மனிதர் துண்டை மடித்துத் தோளில் போட்டு, வள்ளத்துக்குத் தோள் கொடுத்தார்.

அன்றைக்கே இவர் போலீஸ் ஸ்டேஷனிலும் போய்ச் சொன்னார். கேஸ் இன்னும் நடக்கிறது. வள்ளம் அண்ணன் ஊரில் கரையோரமாகக் கிடக்கிறதாம். இவர் போய்ப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எங்களோடு இப்போது பேசுவதில்லை, அது அவருடைய நியாயம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளைகள் மட்டும் வந்து போவார்கள்.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். ஆனால் படுக்கையில் கிடக்கிறவர் எது கேட்டாலும், பேசாதே தூங்கு என்று இப்போது சொல்வதில்லை, தெரிந்தால் சொல்கிறேன், தெரியாவிட்டால் தெரியவில்லையே தாயி என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.