ஏழும் ரெண்டும் வைத்து ஆடிய ஆர்லிஸ்

நல்ல சீட்டு வராமல் ஆர்லிஸ் டீக் ஒரு பந்தயச் சில்லைக்கூட நகர்த்தமாட்டார் என்பது லெவல்லாண்டு ஊருக்கே தெரியும். கைக்கு வரும் முதல் இரண்டு சீட்டு பெரிய ஜோடியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏஸும் ராஜாவும் சேர்ந்து வர வேண்டும். வேறு எது வந்தாலும் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஐஸ் டீயை எடுத்துக்கொள்வார். விதைக் கடையின் பின்னறையில் சனிக்கிழமை மத்தியானம் நடக்கும் போக்கர் சீட்டாட்டத்தில் அவர் சில்லை எடுத்தாலே மற்றவர்கள் சீட்டைக் கீழே போட்டுவிடுவார்கள். அதனால் அவர் பெரிதாகத் தோற்றதும் இல்லை, ஜெயித்து உருப்பட்டதும் இல்லை. கல்யாணத்திலும் அப்படித்தான். சரியான பெண் வரட்டும் என்று காத்திருந்தார். ஊரில் பெண்களே தீர்ந்துபோனார்கள்.

மிச்சம் இருந்தது ஒரே சிநேகிதர், டெல்பர்ட். பெண்டாட்டி லொரீன் செத்த பிறகு டல்லஸில் மகள் வீட்டோடு போய்விடுவதாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சனிக்கிழமை தன் சில்லுகளை மேசையில் கொட்டி, "இது தீர்ற வரைக்கும்தான். தீர்ந்துச்சுன்னா மூட்டையைக் கட்டிடுவேன்" என்றார். சொன்னால் செய்கிற ஆள்.

போகாதே என்று ஆர்லிஸ் சொல்லியிருக்கலாம். அந்த ஊர் ஆண்பிள்ளைகள் அப்படியெல்லாம் பேசுவதில்லை. டெல்பர்ட் பந்தயம் வைத்தபோதெல்லாம் மற்றவர்கள் நல்ல சீட்டைக்கூடப் பெருமூச்சு விட்டபடி கவிழ்த்தார்கள். அதில் அவருக்குக் கிடைத்தது சில்லறைதான். அவர் சில்லு தீராதபடி அவரிடம் ஒழுங்காகத் தோற்றுக் காட்டுவது என்று ஆர்லிஸ் முடிவு செய்தார்.

தோற்பதற்கு மட்டமான சீட்டு வேண்டும். ஏழும் ரெண்டும் வந்தது. ஜோடியும் இல்லை, நிறமும் சேரவில்லை, சீட்டுக்கட்டிலேயே அதைவிடக் கேவலமான கை கிடையாது. ஆர்லிஸ் ஒரு குவியலைத் தள்ளினார். எல்லாரும் கவிழ்த்தார்கள், டெல்பர்ட் உள்பட.

"உங்கிட்ட ரெண்டு ஏஸ் இருக்குன்னு குருடனுக்கே தெரியும்டா" என்றார் டெல்பர்ட்.

அவர் தன் முறைக்கு ஆட்ட விதிப்படி கட்டாயமாக வைத்திருந்த சில்லும் ஆர்லிஸிடம் வந்து சேர்ந்தது. ஒன்பதும் நாலும் வைத்துப் பந்தயத்தை ஏற்றினார், அதே கதை. தோற்கப் பார்க்கப் பார்க்க ஆர்லிஸின் குவியல்தான் வளர்ந்தது.

கடைக்காரர் க்ளைடுக்குப் பொறுக்கவில்லை. "பொண்டாட்டி செத்தவன்னுகூடப் பாக்காம உரிக்கிறியே, நீயெல்லாம் மனுஷனாடா?"

டெல்பர்ட்டின் சில்லு பாதியாகக் கரைந்திருந்தது. மறுபடி ஏழும் ரெண்டும் வந்தபோது ஆர்லிஸ் ஏற்றினார், எல்லாரையும் கவிழ்க்கவிட்டார், பிறகு தன் சீட்டை எல்லாரும் பார்க்கத் திருப்பி மேசையில் வைத்தார். க்ளைடு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆயுசு முழுக்கச் சேர்த்த பெயர் அந்த நிமிஷத்தில் போயிற்று.

"ஏழு ரெண்டா!" டெல்பர்ட்டுக்கு முகம் சிவந்தது. "இத வெச்சா இவ்வளவு நேரம் எங்கள ஓட்டுன? இனிமே நீ சத்தியம் பண்ணாலும் நம்பமாட்டேன்."

அடுத்த கையில் ஆர்லிஸுக்கு இரண்டு ஏஸ் வந்தது. வாழ்நாளெல்லாம் காத்திருந்த சீட்டைப் பார்த்து மனதுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டினார். முகத்தை மாற்றாமல் பாதிக் குவியலைத் தள்ளினார். டெல்பர்ட் யோசிக்கவே இல்லை, இருந்த அத்தனையையும் நடுவில் தள்ளினார்.

"இப்ப காட்டுடா பாக்கலாம்!"

காட்டினால் டெல்பர்ட் டல்லஸ் போய்விடுவார். ஆர்லிஸ் கையும் களவுமாகப் பிடிபட்டவர்போலத் தலையைச் சொறிந்தார். இரண்டு ஏஸையும் கவிழ்த்தபடியே கழித்த சீட்டுக்குள் செருகினார்.

"மாட்டிக்கிட்டேன்."

டெல்பர்ட் இரண்டு கையாலும் சில்லை வாரிக்கொண்டு சிரித்தார். லொரீனைப் புதைத்த பிறகு அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தன் சீட்டையும் திருப்பிக் காட்டினார். ஒன்பதும் அஞ்சும்.

"அவ போனதுலேருந்து எல்லாரும் எனக்கு விட்டுக்குடுத்துக்கிட்டே இருக்கீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. என்னை ஒரு ஆளா மதிச்சு ஆடுனது நீ ஒருத்தன்தாண்டா, ஆர்லிஸ்."

ஆர்லிஸ் ஐஸ் டீயை எடுத்துக்கொண்டார்.

"அடுத்த சனிக்கிழமையும் இப்படித்தான் ஏமாத்தப் பாப்பியா?" என்றார் டெல்பர்ட்.

"பாப்பேன்."

"பாரு, பாரு. நான் விடமாட்டேன்."