நடு விட்டு நடந்த ஊர்வலம்

ரெய்னர்ஸ் லேன் தமிழ்க் கடையில் என் மனிசன் முருங்கைக்காயை இங்கிலீஷில் கேட்ட அன்றுதான் எனக்குப் பொறுமை போனது. கல்லாவில் இருந்த பிள்ளை, "அங்கிள், உங்களுக்கு என்ன நடந்தது?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடந்தது இதுதான். சில வாரங்களுக்கு முன் பஸ்ஸில், மன்னாரில் இருக்கும் தங்கையோடு போனில் கதைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பின்னால் இருந்த ஒருவன், இங்கிலீஷ் பேசு, இல்லாவிட்டால் உன் நாட்டுக்குப் போ என்று கத்தியிருக்கிறான். பஸ் நிறையச் சனம். ஒருத்தரும் வாய் திறக்கவில்லையாம். அதற்குப் பிறகு வீட்டு வாசலைத் தாண்டினால் இந்த மனிசனுக்குத் தமிழ் வராது. வெளியில் நிற்கும்போது தங்கை அழைத்தால் போனைக் கட் பண்ணிவிடுவார். எங்கள் மாதா கோயில் திருநாளில் மைக் இல்லாமலே கடைசி ஆள் வரைக்கும் கேட்கிற குரல் அது. அதை ஒரு தறுதலை அமத்திப்போட்டானே!

ஒரு ஞாயிறு பூசை முடிய, இனவாதத்துக்கு எதிரான ஊர்வலத்துக்கு வரக்கூடியவர்கள் பெயர் கொடுங்கள் என்றார்கள். எங்கள் இரண்டு பேரின் பெயரையும் கொடுத்தேன்.

"எனக்கு ஏலாது. நீர் போய் வாரும்," என்றார் மனிசன்.

"ஓம், தனியப் போறன். அங்கை நான் ஆரோடையும் கொளுவினால் பொலிஸ் உங்களுக்குத்தான் போன் எடுக்கும்."

என் வாயை நன்றாக அறிந்தவர். வந்தார்.

ஊர்வலம் தொடங்கும் பார்க் லேனில் இறங்கியதும் மலைத்துப்போனேன். பிள்ளைகளைத் தோளில் வைத்த தகப்பன்மார், சக்கர நாற்காலியில் வந்த வெள்ளைக்காரக் கிழவி, முரசு அடிக்கிற இளம் பெடியள். பஸ்ஸில் பேசாமல் இருந்தவர்களும் இதற்குள் இருக்கலாம் என்று நினைத்தேன். மனம் லேசானது.

நாங்கள் நடக்கத் தொடங்கினோம். யாரும் சொல்லவில்லை, ஆனால் எங்கள் கோயில் சனம் தெருவின் இரண்டு கரையிலும் வரிசை பிடித்துவிட்டது. ஊர்வலம் என்றால் எங்களுக்கு அப்படித்தான். நடு, தோளில் தூக்கி வரும் மாதா சுரூபத்துக்கு. கொஞ்ச நேரத்தில் ஊர்வலத்தை ஒழுங்குபடுத்துகிற, மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு பெட்டை ஓடி வந்தாள். நடுவால் ஏதாவது வாகனம் வரப்போகிறதா, பின்னால் எல்லாரும் நின்றுவிட்டார்களே என்று இங்கிலீஷில் கேட்டாள். நாங்கள் ஆளையாள் பார்த்தோம். சுரூபமும் இல்லை, பூசை வைக்கிற சுவாமியும் இல்லை. எனக்கு வந்த சிரிப்பில் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

முரசுச் சத்தத்தில் அவள் குரல் எடுபடவில்லை. நடுவுக்கு வரச்சொல்லி உங்கள் ஆட்களுக்கு நீங்களே சொல்லுங்கள் என்று என் மனிசனிடம் கேட்டுக்கொண்டாள்.

அவர் நடைபாதையைப் பார்த்தார். வேடிக்கை பார்க்கிற சனம், பொலிஸ். வாயைத் திறந்தார், மூடினார். சொல்லுங்கோ என்று கத்த எனக்கு நாக்குத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"கரையிலை நிக்கிறாக்கள் நடுவுக்கு வாங்கோ. எல்லாரும் நடுவுக்கு வாங்கோ."

முரசு அடித்தவன் கையை நிறுத்திவிட்டான். நடைபாதையில் தலைகள் திரும்பின. எங்கள் சனம், திருநாளில் அந்தக் குரல் கேட்டு நடக்கிற பழக்கதோஷத்தில் உடனே நடுவுக்கு வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறீர், நடவும்," என்றார் என்னிடம்.

பின்னால் நிற்பவர்களுக்கும் சொல்ல முடியுமா என்று அந்தப் பெட்டை கேட்டாள். அவர் திரும்பி, கையை உயர்த்தி, ஒரு சொல் தமிழ் தெரியாத அத்தனை பேருக்கும் அதையே தமிழில் சொன்னார். அவர்களும் வந்தார்கள்.